வாசித்து மொழிபெயர்த்தவர்

மணவாளனுக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனாலும் மூன்று ஆண்டுகள் அதைக் கையால் எழுதினான்.

அவன் பாகூரில் வரலாற்று ஆசிரியர். வீட்டில் நெல்லும் கொஞ்சம் கரும்பும் போட்டிருந்தார்கள். அப்பா இல்லை. அம்மா கலியம்மாள் நிலத்தைப் பார்த்துக்கொண்டாள். அந்தக் குடும்பத்தில் அவனுக்கு முன் யாரும் கல்லூரிக்குப் போனதில்லை. 1971இல் எம்.லிட். பட்டத்துக்குப் பகுதிநேரமாகப் பதிவு செய்தான். தலைப்பு, பாகூர் ஏரிப் பாசனம்.

ஏரித் தண்ணீர் எந்த வாய்க்காலுக்கு எந்த முறையில் போனது, தகராறு வந்தபோது யார் பேசித் தீர்த்தார்கள் என்பதெல்லாம் பிரெஞ்சுக்காரர் காலத்துத் தீர்மானப் புத்தகங்களில் இருந்தது. அவை ஊரிலேயே ஓர் அலுவலகத்தின் பின்னறையில் இரும்பு அலமாரியில் கிடந்தன. வெளியே எடுத்துப்போகக் கூடாது. உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம் என்றார்கள்.

பள்ளி விட்டதும் போய் எழுதினான். ஒரு சொல்லும் புரியாது. எழுத்தின் தலையில் கோடு சாய்ந்திருந்தால் சாய்த்தான். காலில் வால் இருந்தால் வால் போட்டான். ஒரு வரி எங்கே முடிகிறதோ அங்கேயே தன் வரியையும் முடித்தான். ஒவ்வொரு தாளின் மேலும் புத்தகத்தின் எண், தீர்மானத்தின் எண், பக்கம். ஆய்வேட்டில் எதைச் சொன்னாலும் எங்கே பார்த்தது என்று காட்ட வேண்டும் என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்திருந்தது. எதைச் சொல்லப் போகிறான் என்று தெரியாமலே எங்கே பார்த்தான் என்பதைக் குறித்துவைத்தான்.

எழுதியதைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும். வில்லியனூரில் மரியசுந்தரம் என்று ஒருவர் இருக்கிறார், பிரெஞ்சுக்காரர் காலத்தில் கோர்ட்டில் குமாஸ்தா, என்று யாரோ சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாள்களைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் கிளம்பினான். கரிக்கலாம்பாக்கம், மங்கலம் வழியாக வில்லியனூர் போய்ச் சேர்ந்தபோது மாதா கோயிலில் பூசை முடிந்து ஜனம் வெளியே வந்துகொண்டிருந்தது.

மரியசுந்தரம் முதல் தாளை வாங்கி மூக்கருகே பிடித்துப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"முசியே, எனக்கு இப்ப வெளிச்சம் மட்டுந்தான் தெரியுது. எழுத்து தெரியல," என்றார். உள்ளே பார்த்து, "செலின், இங்க வாம்மா," என்றார்.

அவருடைய மகள் வந்தாள். கோயிலுக்குப் போய்வந்த முக்காடு இன்னும் தோளில் கிடந்தது. கான்வென்டில் பிரெஞ்சில் படித்தவள். ஆசிரியைப் பயிற்சிக்குப் போக இருந்தாள். அம்மா இறந்து அப்பாவின் பார்வையும் மங்கிய பிறகு வீட்டோடு நின்றுவிட்டாள்.

தாளைப் பார்த்துவிட்டு, "இது யாரு எழுதனது?" என்றாள்.

"நான்தான்."

"பிரெஞ்சு தெரியுமா சார்?"

"தெரியாது."

அவள் மறுபடி பார்த்தாள். "அதான். இந்த வார்த்தைக்கு நடுவுல ஒரு கொசு செத்துக் கெடக்குது."

"புஸ்தகத்துல அப்படித்தான் இருந்துது."

"புஸ்தகத்துல நெஜமாவே கொசு செத்திருக்கும். அதையுமா எழுதிக்கினு வருவீங்க?"

மரியசுந்தரம் வாய்விட்டுச் சிரித்தார். மணவாளனும் சிரித்தான். பையிலிருந்து மற்றத் தாள்களை எடுத்து மேசைமேல் வைத்தான்.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகள் அப்படியே அமைந்துவிட்டன. செலின் மேரி ஒரு வாக்கியத்தை முதலில் பிரெஞ்சில் உரக்கப் படிப்பாள். அது அப்பாவுக்கு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருக்கும் அவர் பழைய கோர்ட்டுச் சொல் ஏதாவது வந்தால் விளக்குவார். பிறகு அதை அவள் தமிழில் சொல்வாள். அது மணவாளனுக்கு. அவன் எழுதிக்கொள்வான். இரண்டாம் வாய்க்காலுக்கு மூன்று இரவும் இரண்டு பகலும் தண்ணீர். மதகை இரவில் திறந்தவனுக்கு அபராதம். அவன் ஊரில் இன்றும் பேசப்படும் ஒரு வரப்புச் சண்டை அவள் வாயிலிருந்து, அவள் குரலில், நிதானமாக வந்தது.

இதற்கு என்ன தரட்டும் என்று அவன் கேட்டபோது மரியசுந்தரம் கையை ஆட்டி மறுத்தார். செலின் மேரி மறுக்கவில்லை.

"எம் பேரு வருமா சார்?"

"எதுல?"

"நீங்க எழுதற புஸ்தகத்துல."

"வரும்."

"எங்க வரும்?"

அடுத்த வாரம் நூலகத்திலிருந்து யாருடையதோ ஒரு ஆய்வேட்டை எடுத்துவந்து காட்டினான். பக்கத்தின் அடியில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே சின்ன எண். எண்ணுக்குப் பக்கத்தில் ஆசிரியர் பெயர், நூலின் பெயர், பதிப்பித்த ஊர், ஆண்டு, பக்கம். கடைசியில் இவையெல்லாம் திரண்டு அகரவரிசையில் ஒரு பட்டியல்.

"இவ்ளோ பேரும் செத்துப்போனவங்களா?"

"இல்ல. உயிரோட இருக்கறவங்களும் இருக்காங்க."

"நானும் இங்க இருப்பேனா?"

"அடியிலயும் இருப்பீங்க. கடைசியிலயும் இருப்பீங்க."

அவள் அந்தப் பட்டியலை விரலால் தடவிக்கொண்டே கீழே வரை போனாள். தன் பெயர் எந்த இரண்டு பெயர்களுக்கு இடையில் வரும் என்று பார்த்தாள். ச வரிசை முடிந்து ஞ தொடங்கும் இடத்தில் விரலை வைத்தாள். "இங்கதான்," என்றாள். "இதுவரைக்கும் எம் பேர எங்கியும் அச்சுல பாத்ததில்ல."

இரண்டாம் ஆண்டு முடிவில் ஏரியைப் பற்றிய பக்கங்கள் குறையத் தொடங்கின. மணவாளன் எழுதுவதை நிறுத்தவில்லை. அதே புத்தகங்களில் மற்றத் தீர்மானங்களும் இருந்தன. எந்தப் பக்கம் ஏரி, எந்தப் பக்கம் வேறு என்று எழுத்தின் சாயலை வைத்தே அவனுக்கு இப்போது தெரிந்தது. வேறு என்று தெரிந்தும் எழுதிக்கொண்டு போனான்.

"இது ஏரியே இல்லயே சார்," என்றாள் செலின் மேரி. "தெருவெளக்கு. எந்தத் தெருவுல வெளக்கு வெக்கறது, யாரு எண்ண ஊத்தறது."

"பின்னாடி தேவைப்படும்."

"ஏரிக்கா?"

மரியசுந்தரம் கண்ணை மூடியபடியே இருந்தார். அவள் அப்பாவைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். பிறகு படித்தாள். எந்தத் தெருவுக்கு எத்தனை விளக்கு, எந்த மாதம் விளக்கு ஏற்ற வேண்டாம், நிலா இருந்தால் என்ன செய்வது. முழுவதையும் படித்துச் சொன்னாள். அவன் முழுவதையும் எழுதிக்கொண்டான்.

கலியம்மாளுக்கு இது பிடிக்கவில்லை.

"ஞாயித்துக்கெழமன்னா வில்லியனூர்ல உனக்கு இன்னாடா?"

"படிக்கப் போறன்மா."

"நீயே வாத்தி. உனக்கு எவடா இன்னும் சொல்லித் தர்றது?"

அம்மா அதற்குமேல் கேட்கவில்லை. அவர்கள் கோயில் வேறு, இவர்கள் கோயில் வேறு. அதைப் பற்றிப் பேசும் அளவுக்கு எதுவும் நடந்ததாக மணவாளனாலும் சொல்ல முடியாது. ஒரு முறை தண்ணீர்ச் செம்பை வாங்கும்போது விரல் பட்டது. ஒரு முறை மழைக்கு நின்றபோது அவளும் கதவருகில் நின்றாள். இவ்வளவுதான். இதை எந்த எண் போட்டு எந்த அடியில் எழுதுவது?

மூன்றாம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வந்து சேர்ந்தபோது பூசை முடியவில்லை. சைக்கிளைப் பிடித்தபடி கோயிலுக்கு வெளியே பூவரச மரத்தடியில் நின்றான். ஒலிபெருக்கியில் சாமியார் கல்யாண ஓலை வாசித்துக்கொண்டிருந்தார். யார் யாருக்குக் கல்யாணம் ஆகப் போகிறது என்பதை மூன்று ஞாயிற்றுக்கிழமை இப்படிச் சபையில் வாசிப்பார்கள். இரண்டு ஜோடி முடிந்தது. மூன்றாவதாக, வில்லியனூர்ப் பங்கைச் சேர்ந்த மரியசுந்தரம் மகள் செலின் மேரிக்கும், புதுச்சேரிப் பங்கைச் சேர்ந்த மரியதாஸ் மகன் கில்பர்ட்டுக்கும் என்று வாசித்தார். இது முதல் ஓலை. இவர்களுடைய திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள்.

பெயர், தகப்பன் பெயர், ஊர், பங்கு. ஒன்றும் விடுபடவில்லை. மணவாளன் சைக்கிளின் மணியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான், அது தவறி அடித்துவிடாதபடி.

அன்றைக்கும் படித்தாள். மரியசுந்தரம்தான் சொன்னார். "மாப்ள சொல்தா. பிரெஞ்சு ராணுவத்துல இருக்கறாரு. லீவு முடிஞ்சதும் பிரான்சுக்கு, துலோனுக்குக் கூட்டிக்கினு போயிடுவாரு."

"நல்லதுங்க," என்றான் மணவாளன்.

"இன்னும் எவ்ளோ தாள் இருக்குது சார்?" என்றாள் அவள்.

"கொஞ்சந்தான்."

"ஏரித் தாள மட்டும் எடுத்துக்கினு வாங்க. முடிச்சிக் குடுத்துட்டுத்தான் போவேன்."

இரண்டாம் ஓலை, மூன்றாம் ஓலை வாசித்த ஞாயிறுகளிலும் அவன் போனான். ஏரித் தாள்களை மட்டும் எடுத்துப்போனான். முடித்துக்கொடுத்தாள். கடைசித் தாளை அவன் பக்கம் நகர்த்திவிட்டு, "பேர மறந்துடாதீங்க சார்," என்றாள்.

கல்யாணத்துக்குப் போனான். பின் வரிசையில் உட்கார்ந்தான்.

பிறகு இரண்டு ஆண்டுகள் எழுதினான். எழுதும்போது ஒவ்வொரு அடிக்குறிப்பிலும் மூலத்தின் விவரத்தை எழுதி, அதன் பின்னால் 'வாசித்து மொழிபெயர்த்தவர் ம. செலின் மேரி' என்று எழுதினான். ஒரே பக்கத்தில் நான்கு குறிப்பு வந்தால் நான்கு முறை எழுதினான்.

நெறியாளர் உலகநாதன் சென்னையில் இருந்தார். பொறுமையான மனிதர். சிவப்பு மையால் மெதுவாகத் திருத்துவார். முதல் இயலைப் புரட்டியதும் பேனாவை மூடி வைத்தார்.

"யாருங்க இந்த செலின் மேரி?"

"பிரெஞ்சு படிச்சிச் சொன்னவங்க சார்."

"நல்லது. நன்றியுரையில போடுங்க. 'மொழிபெயர்த்து உதவிய' அப்படீன்னு."

"நன்றியுரையில எங்கம்மா பேரும் இருக்குது சார். எங்க எச்.எம். பேரும் இருக்குது. அவங்கெல்லாம் ஒரு வரியும் படிச்சிச் சொல்லல."

உலகநாதன் சிரித்தார். "அடிக்குறிப்பு எதுக்கு? படிக்கிறவன் நம்மள நம்பாம நேராப் போய்ப் பாக்கறதுக்கு. பாகூருக்கு பஸ் ஏறி, அந்த அலமாரியத் தொறந்து, அந்தப் பக்கத்தப் புரட்டிப் பாக்கணும். அதுக்கு மூலத்தோட விவரம் போதும்."

"அவன் பாகூருக்குப் போவான் சார். நான் போனது வில்லியனூருக்கு. நான் பாத்தது மூலம் இல்ல. அவங்க சொன்னதத்தான் கேட்டேன். மூலத்த நானே படிச்ச மாதிரி காட்டறது சரியா?"

"சரியில்லதான்." உலகநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா இன்னொண்ணும் யோசிங்க. தேர்வாளர்கள்ல ஒருத்தருக்குப் பிரெஞ்சு தெரியும். ஆய்வாளருக்கு மூலமொழி தெரியாதுன்னு நீங்களே பக்கத்துக்குப் பக்கம் எழுதிக் குடுக்கறீங்க. இத வெச்சே திருப்பி அனுப்பலாம். இத்தன வருஷ வேல, உங்க பதவி உயர்வு, எல்லாம் போகும்."

"போனா போவுது சார்."

உலகநாதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு பேனாவைத் திறந்தார். "அப்ப ஒழுங்காப் போடணும். முதல் குறிப்புல மூலத்த முதல்ல போடுங்க. தீர்மானம், தேதி, பக்கம், எங்க இருக்குதுங்கறது. அதுக்கப்புறம் அவங்க பேர். அடுத்த குறிப்புலருந்து 'மேலது'. அதுதான் முறை."

"ஒவ்வொண்ணுலயும் பேர் வரக் கூடாதுங்களா?"

"ஏங்க, பக்கத்துக்குப் பக்கம் ஒரே பொண்ணு பேர எழுதினா அது ஆய்வேடா?"

மணவாளன் தலையைக் குனிந்துகொண்டான். உலகநாதன் அதைப் பார்க்காததுபோல் பட்டியலுக்குப் போனார். அச்சில் வந்தவை ஒரு பகுதி, வராதவை ஒரு பகுதி. வெள்ளைக்காரனுக்குக் குடும்பப் பெயர் முன்னால் வரும். நமக்கு நம் பெயர் முன்னால், தலைப்பெழுத்து பின்னால். நூலின் பெயருக்கு மட்டும் அடிக்கோடு. கடைசியில் ஒரு தனித் தலைப்பு எழுதினார். வாசித்து மொழிபெயர்த்தவர். அதன் கீழ் ஒரே பெயர்.

செலின் மேரி, ம.

"ஒரு ஆளுக்கு ஒரு தலைப்பு," என்றார். "இதுக்குமேல என்னால முடியாது."

தட்டச்சுக்குக் கிரேஸ் மேரியிடம் கொடுத்தான். மரியசுந்தரத்தின் தங்கை அவள். வில்லியனூர் கடைத்தெருவில் தட்டச்சுப் பயிற்சி நடத்தினாள். கணவனை இழந்தவள். மகள் போன பிறகு மரியசுந்தரம் அவள் வீட்டில்தான் இருந்தார். வேறு இடங்கள் இருந்தும் மணவாளன் அங்கே கொடுத்தான். தாள் கொடுக்கப் போகும்போதும் வாங்கப் போகும்போதும் துலோனிலிருந்து வந்த செய்தி ஏதாவது காதில் விழும். குழந்தை பிறந்திருக்கிறது. பெண். அங்கே குளிர் அதிகம் இல்லை, கடற்கரை ஊர்.

ஒரு மூலப்படி, நடுவில் கார்பன் வைத்து நான்கு நகல். ஆக ஐந்து. முதல் இயலை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, பூக்கடை ஓரமாக நின்று புரட்டினான். முதல் அடிக்குறிப்பிலேயே கண் நின்றது. வாசித்து மொழிபெயர்த்தவர் கி. செலின் மேரி.

திரும்ப உள்ளே போனான். பட்டியலையும் கேட்டு வாங்கிப் பார்த்தான். அங்கேயும் செலின் மேரி, கி.

"ஒரு எழுத்து தப்பா விழுந்திருக்குதுங்க."

கிரேஸ் மேரி எட்டிப் பார்த்தாள். "தப்பில்ல வாத்தியாரே. நான்தான் திருத்தனேன்."

"நான் ம போட்டிருந்தேன்."

"போட்டிருந்த. பாத்தேன். கல்யாணம் ஆயி, புள்ள பெத்து, சீமையில குடும்பம் நடத்தறா. அவளுக்குப் போயி இன்னும் அப்பன் இனிஷியல போடுவியா? எங்க வூட்டுக்காரரு போயி இத்தன வருசமாவுது, வெளிய போர்டுல பாரு, இன்னும் அவரு இனிஷியல்தான்."

"படிச்சிக் குடுத்தப்ப அவங்களுக்குக் கல்யாணம் ஆகல. எந்தப் பேர்ல வேல செஞ்சாங்களோ அந்தப் பேர்லதான் போடணும். அதுதான் முறை."

"எவன் வெச்ச மொற?"

"ஆய்வு முறை."

"அது ஒங்க மொற. எங்க மொற ஒண்ணு இருக்குது இல்ல?" அவள் பயிற்சிப் பெண்களைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "வாத்தியாரே, நீ நல்லவன்தான். எங்கண்ணன் பக்கத்துல இருந்தாருன்றதும் தெரியும். ஆனா இது அந்த மாப்ள கைல போனா இன்னா நெனைப்பாரு? வாரா வாரம் ஒருத்தன் வந்து ஒக்காந்தானா, இவ படிச்சாளான்னு கேக்க மாட்டாரா? அவரு எழுத்து முன்னால இருந்தா அந்தக் கேள்வியே கெடையாது. அவரு சம்சாரம் படிச்சிக் குடுத்தா. முடிஞ்சிது."

அவள் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. தாள்களை எடுத்துக்கொண்டு போய் வேறு எங்காவது அடிக்கலாம். ம என்று போடலாம். அவளுக்குக் கொடுத்த வாக்கு அதுதான். அவள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் அவள். துலோனில் இருக்கிற யாரோ அல்ல, முக்காட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, அப்பாவுக்கு ஒரு முறையும் அவனுக்கு ஒரு முறையும் படித்தவள். ஆனால் அந்த ஒரு எழுத்தால் அவள் வீட்டில் ஒரு சொல் எழுந்தால்?

"திருவிழாவுக்கு வர்றா," என்றாள் கிரேஸ் மேரி. "அவளையே கேட்டுக்க. அவ மாத்தச் சொன்னா அஞ்சுலயும் நானே ரப்பர் போட்டு மாத்தித் தர்றேன்."

ஆய்வேட்டைக் கொடுக்கக் கடைசி நாள் ஜூனில் இருந்தது. மாதா கோயில் திருவிழா ஈஸ்டர் கழிந்து. மணவாளன் காத்திருந்தான். மற்ற இயல்கள் எல்லாம் கி என்றே அடித்து முடிந்து, கிரேஸ் மேரியின் மேசையடியில் ஐந்து கட்டாக இருந்தன. பள்ளியில் அவன் வருகைப் பதிவு எடுக்கும்போது ஒரு பெண் பெயரை அழைத்துவிட்டு, அதற்கு முன்னால் இருந்த எழுத்தையே சிறிது நேரம் பார்த்தபடி நின்றான். பிள்ளைகள் சிரித்தார்கள்.

தேர் முடிந்த மறுநாள் மத்தியானம் வரச் சொல்லியிருந்தாள் கிரேஸ் மேரி. அவன் போனபோது செலின் மேரி இயந்திரங்களுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தது. முடியைத் தோள்வரை வெட்டியிருந்தாள். மடியில் குழந்தை. பக்கத்தில் கில்பர்ட் நின்றிருந்தான், ஆறடி உயரம், வாய் நிறையச் சிரிப்பு. மணவாளன் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"வாங்க சார். மாமனாரு ஒங்களப் பத்திப் பேசாத நாளே கெடையாது. கொசுவையும் எழுதிக்கினு வந்த மனுசன்னு சொல்லுவாரு."

கிரேஸ் மேரி பட்டியலை எடுத்து நீட்டினாள். விஷயத்தை அவளே சொன்னாள், பாதியை விழுங்கிக்கொண்டு. கில்பர்ட் தாளை வாங்கிப் படித்தான்.

"யாரு அத்த இது, கி. செலின் மேரி? எம் பொண்டாட்டியா?"

"வேற யாரு?"

"இந்தப் பேர்ல அங்க ஆளே இல்ல அத்த. கல்யாணம் ஆனாலும் ஆபீசுல பொறந்த பேருதான். ஆஸ்பத்திரியில 'மரியசுந்தரம்'னு கத்துவான். எம் மாமனாரு எப்படா வந்தாருன்னு நான் திரும்பிப் பாப்பேன்."

பயிற்சிப் பெண்கள் சிரித்தார்கள். கிரேஸ் மேரியின் முகம் சுருங்கியது. "அப்ப நான்தான் ஒண்ணும் தெரியாதவ. ரப்பர எடுக்கட்டா?"

மணவாளன் செலின் மேரியைப் பார்த்தான். அவள் குழந்தையைக் கில்பர்ட்டிடம் கொடுத்துவிட்டு ஒரு கட்டைப் பிரித்து மடியில் வைத்திருந்தாள். அடிக்குறிப்புகளை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"இது இன்னா சார், 'மேலது'?"

"மேல சொன்னதேதான்னு அர்த்தம். அதே புஸ்தகம். அதே ஆளு."

"அப்ப இதெல்லாம் நானா?"

"ஆமாங்க."

பக்கங்களைத் திருப்பினாள். மேலது, ப. 14. மேலது, ப. 15. மேலது. ஒவ்வொன்றின்மேலும் விரலை வைத்து எடுத்தாள். நான்காம் இயலின் நடுவில் விரல் நின்றது. இரவில் மதகு காவல் பற்றிய பக்கம். காவல்காரர்கள் போகும் வழியில் வெளிச்சம் இருந்ததா என்று ஒரு வாக்கியம், அதற்கு ஓர் எண், அடியில் தெருவிளக்குத் தீர்மானம் முழுவதும். எந்தத் தெருவுக்கு எத்தனை விளக்கு, நிலா இருந்தால் என்ன செய்வது. பக்கத்தில் பாதியை அந்தக் குறிப்பே பிடித்திருந்தது.

அவள் அதை முழுவதும் படித்தாள். தலையைத் தூக்கி மணவாளனை ஒரு முறை பார்த்தாள். பிறகு கட்டை மூடி, விளிம்புகளை உள்ளங்கையால் தட்டி ஒழுங்கு செய்தாள்.

"இருக்கட்டும் அத்த," என்றாள். "அடிச்சதே இருக்கட்டும்."

"நல்லாப் பாத்துச் சொல்லு," என்றான் கில்பர்ட். "எனக்கு ஒண்ணும் இல்ல. ஒம் பேரு ஒனக்கு வேணாமா?"

"இதுவும் எம் பேருதான்."

மணவாளன், "நீங்க படிச்சப்ப..." என்று தொடங்கினான்.

"படிச்சது நான்தான் சார். அதுல இன்னா மாறிப்போச்சு?" குரல் பழைய குரலாகவே இருந்தது, வாக்கியத்தை நிதானமாக முடிக்கிற குரல். "ரப்பர் போட்டா பேப்பர் கிழியும். அஞ்சுலயும் கிழியும். வேணாம்."

கிரேஸ் மேரி ரப்பரை இழுப்பறைக்குள் போட்டாள்.

கிளம்பும்போது செலின் மேரி பட்டியலின் கடைசிப் பக்கத்தைக் கையில் எடுத்தாள். "இந்த ஒரு தாள நான் எடுத்துக்கட்டுமா?"

"அது கடைசி நகலு. மங்கலா இருக்கும்டி," என்றாள் கிரேஸ் மேரி.

"பரவால்ல."

அதை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தாள். கில்பர்ட் மறுபடி கை குலுக்கினான். "பட்டம் வந்ததும் சேதி அனுப்புங்க சார்," என்றான். குழந்தை மணவாளனின் சட்டைப்பையில் இருந்த பேனாவைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. செலின் மேரி விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். கடைத்தெருவின் வெயிலில் மூவரும் போனார்கள். மாதா கோயில் பக்கம் திரும்பும் வரை கில்பர்ட்டின் தலை கூட்டத்துக்கு மேலே தெரிந்தது.

ஐந்தாவது கட்டில் ஒரு பக்கம் இல்லை. கிரேஸ் மேரி புதுத்தாள் ஒன்றை இயந்திரத்தில் செருகினாள். மற்றப் பெயர்களை மூலப்படியைப் பார்த்து வேகமாக அடித்தாள். தனித் தலைப்புக்கு வந்ததும் கையை நிறுத்தினாள்.

"இந்த ஒரு தாள ஒன் இஷ்டத்துக்கு அடிச்சித் தர்றேன்," என்றாள். "கடைசி நகல எவன் பிரிச்சிப் பாக்கப் போறான்?"

"அஞ்சும் ஒண்ணா இருக்கணும்."

"இருக்கட்டும். இன்னா வேணும்னு நீயே சொல்லு."

"செலின் மேரி," என்றான் மணவாளன்.

அடித்தாள்.

"கமா."

அடித்தாள். விரலை விசைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பின்னால் ஒரு பெண் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அடித்துப் பழகிக்கொண்டிருந்தாள்.

"கி," என்றான். "புள்ளி."